மாரியில் மேட் அடிக்காதீர்கள்: பிளாஸ்டிக் போர்விமானம் கட்டுவோர் தவிர்க்க வேண்டியவை

மாங்குளம், மல்லாவிப் பக்கத்தில் பிளாஸ்டிக் போர்விமானம் கட்டும் பொடியள் இப்போது சிலர் இருக்கிறார்கள். கிட் (துண்டுகளைச் சேர்த்துக் கட்டும் பெட்டி) கனடாவில் இருந்தோ லண்டனில் இருந்தோ வரும் மாமாவின் சூட்கேசில் வரும். கட்டி முடித்ததும் பெட்டியில் வைத்து என்னிடம் கொண்டுவந்து காட்டுவார்கள். பார்த்தால், நான் தொடக்கத்தில் அடித்த அதே கூத்துகள், ஏறக்குறைய அதே வரிசையில்.

துண்டுகளைச் சட்டத்தில் இருந்து பிய்க்காமல் வெட்டி எடு, பசையை அள்ளிப் பூசாதே, நிறம் அடிக்க முன் துண்டுகளைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவு என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அவை முதல் கிட்டிலேயே விளங்கிவிடும். விளங்காமலே பல கிட் வரைக்கும் இழுபடுகிறவை சில இருக்கின்றன. அவற்றைத்தான் சொல்கிறேன்.

ஹாட்வெயார் கடைத் தின்னர்

எரியக்கூடிய ஸ்பிறே, எனமல், லாக்கர் பெயின்ட் எதையும் விமானப் பயணப் பொதியில் கொண்டுவர விடமாட்டார்கள். ஆகவே மாமா கிட்டை மட்டும் கொண்டுவருவார், பெயின்ட் வராது. பொடியன் உடனே ஹாட்வெயார் கடைக்குப் போய் ஒரு சின்னப் பேணி எனமலும் ஒரு போத்தல் தின்னரும் வாங்குவான். கடைக்காரரில் பிழை இல்லை. கேற்றுக்குப் பூசப் போகிறான் என்று நினைத்து அவர் என்.சி. தின்னரை, அதாவது லாக்கரை இளக்கும் கடும் கரைப்பானை, எடுத்துக் கொடுப்பார். அது கேற்றுக்கு நல்லது. கிட் செய்திருப்பதோ பொலிஸ்டைரீனில். அந்தத் தின்னர் பட்டால் இளகிவிடும். இறகில் கோடு கோடாக இருந்த தகட்டு இணைப்புகள் எல்லாம் மழுங்கி, தொட்டால் விரல் அடையாளம் பதியும்.

எரியாத, நீரில் கரையும் அக்ரிலிக் என்றால் பெரும்பாலும் சிக்கல் இல்லாமல் கொண்டுவரலாம். மாமாவிடம் அதைக் கேளுங்கள். டமியா அக்ரிலிக்கில் அல்ககோல் இருப்பதால் அதுவும் எரியக்கூடியது, அதைப் பொதியில் வைக்கச் சொல்லாதீர்கள். கைக்கு வந்தால், மருந்துக்கடையில் வாங்கும் ஐசோபுரோப்பைல் அல்ககோலிலேயே அதை இளக்கலாம். அதில் எக்ஸ் என்று தொடங்கும் இலக்கங்கள் மினுக்கம், எக்ஸ்எஃப் என்று தொடங்குபவை மேட், அதாவது மினுங்காதவை. இதைக் கவனிக்காமல் முழு ஸ்பிட்ஃபயரையும் பீங்கான் கோப்பை மாதிரி மினுங்க வைத்தவர்கள் உண்டு.

எனமலின் மேல் லாக்கர் ஸ்பிறே

அடியில் உள்ள எனமல் சுருங்கும். அடிக்காதீர்கள்.

பெட்டிப் படத்தை நம்புவது

மல்லாவிப் பொடியன் ஒருவனுக்கு நல்ல யோசனை ஒன்று வந்தது. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானியர் திருகோணமலையைத் தாக்கிய போது சீனக்குடாவில் இருந்து எழும்பிய 261 ஆம் ஸ்குவாட்ரன் ஹரிகேன் ஒன்றும், அதோடு மோதிய ஸீரோ ஒன்றும், இரண்டும் 1/72 அளவில் (நிஜத்தில் 72 இல் ஒரு பங்கு), ஒரே பலகையில். நம்மூருக்குக் கிட்ட நடந்த சண்டை. அதைக் கட்ட வேண்டும் என்று நினைத்ததற்கே அவனைப் பாராட்ட வேண்டும்.

ஆனால் ஸீரோ கரும்பச்சையில் வந்து நின்றது. பெட்டிப் படத்தில் பச்சையாம். அந்தப் படம் போரின் பிற்பகுதி விமானம். ஜப்பானியக் கடற்படை ஸீரோக்களின் மேற்பக்கத்தில் கரும்பச்சை பரவலானது 1943 இல். திருகோணமலைக்கு மேல் வந்தவை விமானந்தாங்கிக் கப்பல்களில் இருந்து வந்த தொடக்ககால ஸீரோக்கள். உடல் முழுக்கப் பழுப்புச் சாயல் கலந்த வெளிர் சாம்பல், எஞ்சின் மூடி மட்டும் கறுப்பு. ஹரிகேனிலும் அதே கதை. ஜப்பானியரின் சிவப்புச் சூரியனோடு குழம்பக்கூடாது என்று, இந்தப் பக்கத்து பிரிட்டிஷ் விமானங்களின் வட்டச் சின்னத்தில் நடுச் சிவப்பைப் பிறகு எடுத்துவிட்டார்கள். ஏப்ரல் 1942 இல் சிவப்பு இருந்தது. அவன் கிட்டோடு வந்த டெகலில் (சின்னங்கள் அச்சிட்ட, ஊறவைத்து ஒட்டும் தாளில்) நீலமும் வெள்ளையும் மட்டும். அதை அப்படியே ஒட்டியிருந்தான்.

எந்த ஆண்டு, எந்த இடம், எந்த ஸ்குவாட்ரன் என்று முதலில் முடிவெடுங்கள். அதற்குப் பிறகு பெயின்ட் பேணியைத் திறக்கலாம். நிறம் ஒரு சாயல் கூடினாலோ குறைந்தாலோ நான் சண்டைக்கு வரமாட்டேன். சாம்பல் விமானம் பச்சையாக நின்றால் வருவேன்.

மூக்கில் ஈயம் வைக்க மறப்பது

பி-38, எம்ஈ 262, மிக்-15 போல முன்சில்லில் நிற்கும் விமானங்கள் பல, மூக்கில் பாரம் இல்லாவிட்டால் வாலில் குந்திவிடும். உடலின் இரண்டு பாதிகளையும் ஒட்டிய பிறகு பாரம் வைக்க வழியில்லை. முல்லைத்தீவில் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டு ஒன்றிரண்டு வாங்கிவந்தால் பல கிட்டுக்குக் காணும். ஒரு விஷயம்: ஈயத்தை வெள்ளைப் பசையில் ஒட்டாதீர்கள். ஈயம் அதில் அரித்துப் பருத்து, காலப்போக்கில் மூக்கையே பிளந்துவிடும். எபொக்ஸி போடுங்கள். கையைக் கழுவுங்கள்.

மாரியில் மேட் வார்னிஷ்

இதுதான் என்னை இன்னும் எரிச்சல்படுத்துவது. மற்றப் பிழைகள் பலவற்றுக்கு ஏதோ ஒரு மருந்து உண்டு: நிறம் பிழைத்தால் மேலே திரும்ப அடிக்கலாம், இடைவெளி தெரிந்தால் புட்டி போட்டு சாண்ட் பேப்பரால் தேய்க்கலாம். கட்டி, நிறம் அடித்து, டெகல் ஒட்டி, எல்லாம் முடிந்து, கடைசி அரை நிமிடத்தில் முழுவதையும் கெடுப்பது இது ஒன்றுதான்.

கார்த்திகையில் இருந்து தை தொடக்கம் வரைக்கும் வன்னியில் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. குளமெல்லாம் வான் பாயும், கொடியில் போட்ட சாரம் மூன்று நாளானாலும் காயாது. அதே காலத்தில்தான் வெளிநாட்டுச் சொந்தங்கள் நத்தார் விடுமுறைக்கு வந்து நிற்பார்கள். கிட் வாங்கித் தந்த மாமாவுக்கு முடித்த விமானத்தைக் காட்ட வேண்டும் என்ற ஆசை நியாயமானதுதான். எனக்குச் சொந்தக்காரப் பொடியன் ஒருவன் 1/48 ஸ்பிட்ஃபயர் ஒன்றை ஆடியில் தொடங்கி மெல்ல மெல்லக் கட்டினான். கரும்பச்சை, கடல்சாம்பல், அடியில் வெளிர் சாம்பல். நிறங்கள் சந்திக்கும் விளிம்பு அவ்வளவு வடிவு. டெகல் ஒன்றிலும் காற்றுக் குமிழ் இல்லை. மாமா வருவதற்கு முதல்நாள் பின்னேரம், மழை விட்ட நேரமாகப் பார்த்து, விறாந்தையில் வைத்து மேட் ஸ்பிறேயை அடித்திருக்கிறான். அடித்து முடிய முன்பே விமானம் வெளுக்கத் தொடங்கிவிட்டது.

"அண்ணை, மழை பெய்யேல்லையே" என்றான். இதே வசனத்தை எல்லாரும் சொல்கிறார்கள். மழை பெய்வது இங்கே பிரச்சினையே இல்லை. காற்றில் இருக்கும் ஈரம்தான் பிரச்சினை. ஸ்பிறேயில் உள்ள கரைப்பான் மிக வேகமாக ஆவியாகும். ஆவியாகும்போது விமானத்தின் மேற்பரப்பில் இருந்து வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். மேற்பரப்பு சட்டென்று குளிர்ந்து, காற்றில் உள்ள ஈரம் அதன்மேல் நுண்ணிய துளிகளாகப் படியும். வார்னிஷ் இன்னும் காயவில்லை என்பதால் அந்தத் துளிகள் அதற்குள்ளேயே சிக்கி, வெள்ளைப் புகாராக நின்றுவிடும்.

சரி, இதுவரை நடந்தது அறியாமை. அதற்குக் கோபப்பட ஏதுமில்லை. அடுத்துச் செய்ததுதான் கோபம் வரவைக்கிறது. முதல் பூச்சு வெளுத்ததைக் கண்டதும் "இன்னொரு கோட் அடிச்சால் மறையும்" என்று இரண்டாவது அடித்தான். அது கூடுதலாக வெளுத்தது. மூன்றாவதும் அடித்தான். பிறகு பயம் பிடித்து, துணியில் தின்னர் தொட்டுத் துடைத்தான். இறகில் இருந்த டெகல் துணியோடு வந்துவிட்டது. முதல் கோட்டோடு கையை எடுத்து, விமானத்தை அலமாரிக்குள் வைத்துவிட்டு வந்திருந்தால் அதைக் காப்பாற்றியிருக்கலாம். எத்தனை பேருக்குச் சொன்னாலும் அந்த இரண்டாவது கோட்டை அடிக்காமல் இருக்க ஒருவராலும் முடியவில்லை.

காப்பாற்றுவது எப்படி என்றால்: தொடாதீர்கள். மாரி முடியும்வரை வையுங்கள். நல்ல வெயில் நாளில், காற்று உலர்ந்திருக்கும்போது, அதன்மேல் மினுக்க வார்னிஷை மெல்லிசாக அடியுங்கள். பெரும்பாலான வேளைகளில் வெண்மை கரைந்து கீழே உள்ள நிறம் திரும்பத் தெரியும். அது நன்றாகக் காய்ந்த பிறகு மேட்டைத் திரும்ப அடிக்கலாம். எப்போதும் சரிவரும் என்று உத்தரவாதம் தரமாட்டேன். ஆனால் தின்னர்த் துணியை விட ஆயிரம் மடங்கு நல்லது.

வெளுப்புக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, அது கோடையிலும் வரும். மேட் வார்னிஷ் மினுங்காமல் இருப்பது அதற்குள் உள்ள மிக நுண்ணிய தூளால். தூள் பேணியின் அடியில் படிந்துவிடும். நன்றாகக் குலுக்காமல் அடித்தாலும், ஒரேயடியாகத் தடிப்பாக அடித்தாலும், தூள் ஓரிடத்தில் குவிந்து வெள்ளையாகத் தெரியும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஆகவே பேணியைக் குலுக்குங்கள், போதும் என்று நினைத்த பிறகும் இன்னும் கொஞ்சம் குலுக்குங்கள். முதல் அடியை விமானத்தில் அடிக்காமல், அதே நிறம் பூசிய ஒரு பிளாஸ்டிக் கரண்டியில் அடித்துப் பாருங்கள். கரண்டி வெளுத்தால் அன்றைக்கு வேலை இல்லை.

ஈரம் எவ்வளவு என்று அறியக் கருவி வாங்கத் தேவையில்லை. குசினியில் உப்புப் போத்தலைப் பாருங்கள். சுத்தமான உப்பு, காற்றின் ஈரப்பதன் 75 வீதம் அளவுக்கு வந்ததும் நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். ஆனையிறவு உப்பு போன்ற கல்லுப்பில் மக்னீசிய உப்புகளும் கொஞ்சம் இருப்பதால் அதற்கு முன்பே ஈரமாகும். அது நமக்கு நல்லதுதான், எச்சரிக்கை முந்தி வருகிறது. உப்பு நனைந்திருந்தால் ஸ்பிறே பேணியைத் தொடக்கூடாது, அவ்வளவுதான் சட்டம்.

எயார்பிரஷ் (அமுக்கிய காற்றால் நிறம் தெளிக்கும் கருவி) வைத்திருக்கிறேன், எனக்கு இது பொருந்தாது என்று சொல்பவர்களுக்கு: கொம்பிரசர் அந்த ஈரக் காற்றைத்தான் அமுக்குகிறது. அமுங்கிய ஈரம் குழாய்க்குள் தண்ணீராகி, நிறத்தோடு சேர்ந்து துப்பும். நீர்பிடி இல்லாமல் மாரியில் அடிக்க வேண்டாம். ரயர்க் கடைக் கொம்பிரசரில் பூட்டி அடித்தால் தண்ணீரோடு எண்ணெயும் வரும்.

இன்னுமொன்று. மேட் அடிக்காத விமானத்தை மாமாவுக்குக் காட்டினால் என்ன குடி முழுகிவிடும்? மினுக்கப் பூச்சோடு மாசி வரைக்கும் அலமாரியில் இருக்கட்டும். மாமா கோபிக்க மாட்டார். அவருக்கு வித்தியாசம் தெரியாது.

சோளகத்தில் முற்றத்தில் அடிப்பது

மாரி முடிந்தால் ஆபத்து முடிந்தது என்றில்லை. சோளகம் (தென்மேல் காற்று) எழும்பினால் கிரவல் ரோட்டுச் செம்புழுதி வீட்டுக்குள்ளேயே வரும், முற்றத்தைக் கேட்கவா வேண்டும். ஈர பெயின்டில் விழுந்த புழுதியை எடுக்க முடியாது. விடியற்காலையில், காற்று எழும்ப முன், நிலத்தில் தண்ணீர் தெளித்துவிட்டு அறைக்குள் அடியுங்கள். யன்னல் திறந்திருக்கட்டும், முகமூடி போட்டிருங்கள். மத்தியான வெயிலில் தூரத்தில் நின்று அடித்தால் பெயின்ட் வழியிலேயே காய்ந்து, மணல் ஒட்டியது போலச் சொரசொரப்பாக விழும்.

விமானியின் கண்ணாடி மூடியில் சுப்பர் குளூ

அதன் ஆவி கண்ணாடியை உள்ளிருந்து வெளுக்க வைக்கும். வெள்ளைப் பசை போதும். ஈயத்துக்கு ஆகாதது இதற்கு ஆகும்.

கிபிர்

"கிபிர் கிட் எடுக்கலாமா அண்ணை?" என்று கேட்கும் பொடியள் எல்லாரும் 2009 இல் கைக்குழந்தைகள், அல்லது பிறக்கவே இல்லை. எடுக்கலாம். பிரெஞ்சு மிராஜ் 5 ஐத் தழுவி இஸ்ரேல் கட்டிய விமானம், உள்ளே அமெரிக்க ஜே79 எஞ்சின், காற்றுள்வாயின் மேல் இரண்டு சின்ன இறகுகள். கட்டுவதற்கு நல்ல வடிவம். இலங்கை விமானப்படைக்கு அது 1996 இல் வந்தது. இங்கே பெரியவர்களுக்கு அது சத்தமாகத்தான் தெரியும். அந்தச் சத்தம் கேட்டுப் பங்கருக்குள் ஓடியவர்கள் இருக்கும் வீட்டில், கேட்காமல் கொண்டுபோய் விறாந்தை ஷோகேசில் வைப்பது பிழை. என் அம்மா ஸ்பிட்ஃபயரைத் துடைத்துத் துடைத்து வைப்பார். கிபிரை "உன்ரை அறைக்குள்ளை வை" என்றார். அங்கேதான் இருக்கிறது.

மேட் நிறத்தின்மேல் நேரே டெகல் ஒட்டுவது

மேட் மேற்பரப்பு சொரசொரப்பானது. டெகலின் அடியில் காற்று சிக்கி, ஓரமெல்லாம் வெள்ளி போல மினுங்கும். முதலில் மினுக்க வார்னிஷ், அது காய்ந்த பிறகு டெகல், கடைசியாகத்தான் மேட். எப்போது மேட் என்று மேலே சொல்லிவிட்டேன்.

பழைய கிட் கிடைத்தால் டெகல் தாள் மஞ்சளாகியிருக்கும். எறிந்துவிடாதீர்கள். ஈரம் போகாத பொலித்தீன் பைக்குள் போட்டு, படம் வெளியே பார்க்க, வெயில் விழும் யன்னல் கண்ணாடியில் உள்பக்கமாக ஒட்டிவிடுங்கள். சில நாளில் மஞ்சள் வெளிறிவிடும். பங்குனி, சித்திரை வெயில் என்றால் இன்னும் கெதியாக. தண்ணீரில் போட முன், தேவையில்லாத ஒரு சின்ன இலக்கத்தை மட்டும் வெட்டி ஊறவைத்துப் பாருங்கள். அது துண்டு துண்டாக உடைந்தால், முழுத் தாளுக்கும் மினுக்க வார்னிஷ் ஒரு பூச்சு அடித்துக் காயவிட்டு, ஒவ்வொரு சின்னத்தையும் அதன் ஓரத்தோடு ஒட்ட வெட்டிப் பாவியுங்கள்.