வாய்வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் துப்பாக்கி: அமெரிக்கத் தயாரிப்பா, இறக்குமதியா? முதல் தடவை வாங்குபவர்களுக்கு

கடையில் சுவரோரம் சாத்தி வைத்திருப்பார்கள். விலைச்சீட்டில் கனெக்டிகட்டில் இருக்கும் ஒரு கம்பெனியின் பெயர் இருக்கும், பெயரைப் பார்த்தால் அசல் அமெரிக்கச் சரக்கு என்றுதான் தோன்றும். குழலை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள், மரக்கட்டைக்கு அருகே பொடி எழுத்தில் 'மேட் இன் ஸ்பெயின்' என்று இருக்கும். நானும் இப்படித்தான் முதல் நாள் அசடு வழிந்தேன்.

நம்மூரில் நாட்டுத் துப்பாக்கி என்பார்களே, அதே சங்கதிதான். குழலின் வாய் வழியாக வெடிமருந்தைப் போட்டு, மேலே குண்டை வைத்துக் கோலால் கெட்டித்துச் சுடுவது. ஊரில் இதற்கும் உரிமம் வேண்டும், அங்கே இதை முயலாதீர்கள். இந்தப் பதிவு அமெரிக்காவில் வேட்டைக்கோ இலக்குப் பயிற்சிக்கோ முதன்முறையாக ஒன்று வாங்கப் போகிறவர்களுக்கு மட்டும்.

படி 1: சட்டத்தைப் பாருங்கள், இரண்டு சட்டத்தையும்

1968-ம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, கருமருந்தாலோ (பிளாக் பவுடர்) அதன் மாற்றாலோ சுடக்கூடிய, தோட்டா போட முடியாத வாய்வழித் துப்பாக்கி பெரும்பாலும் 'பழம்பொருள்' கணக்கில் வந்துவிடும். அதனால் பல மாநிலங்களில் வீட்டு வாசலுக்கே பார்சலில் வரும். ஆனால் இது மத்திய சட்டம் மட்டும்தான். நியூ ஜெர்சி, இல்லினாய் மாதிரி இடங்களில் கதை வேறு, அடையாள அட்டை கேட்பார்கள். சில நவீன மாடல்களில் குழலை மாற்றினால் தோட்டாத் துப்பாக்கி ஆகிவிடும், அவற்றுக்கு இந்தச் சலுகை கிடையாது.

இரண்டாவது சட்டம் வேட்டைச் சட்டம். எதை வாங்குவது என்பதை உண்மையில் முடிவு செய்வது இதுதான், ஆனால் புதியவர்கள் இதைக் கடைசியில்தான் பார்க்கிறார்கள். நான் இருக்கும் பென்சில்வேனியாவில் கிறிஸ்துமஸுக்குப் பிறகு வரும் மான் சீசனுக்கு ஃபிளின்ட்லாக் மட்டும்தான், அதாவது சக்கிமுக்கிக் கல் தீப்பொறியில் பற்றும் துப்பாக்கி. ஐடஹோவின் வாய்வழித் துப்பாக்கி சீசனில் பற்றவைக்கும் இடம் வெளியே தெரிய வேண்டும், ஷாட்கன் பிரைமர் (ஷாட்கன் தோட்டாவின் அடியில் இருக்கும் பற்றவைப்பான்) ஆகாது. கொலராடோவில் தொலைநோக்கி ஆகாது, மாத்திரை வடிவ மருந்தும் ஆகாது. தள்ளுபடியில் கிடைத்ததே என்று ஒரு இன்லைன் (பற்றவைக்கும் இடம் குழலுக்கு நேர் பின்னால் இருக்கும் நவீன வகை) வாங்கி வந்து, சீசன் அன்றைக்கு அதை அலமாரியிலேயே பூட்டி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தவர்களை எனக்குத் தெரியும்.

படி 2: எது எங்கே செய்யப்படுகிறது?

கடையில் பார்க்கும் பெயரும் தொழிற்சாலை இருக்கும் இடமும் பெரும்பாலும் ஒன்றல்ல.

டிரெடிஷன்ஸ் கனெக்டிகட்டின் ஓல்ட் சேப்ரூக்கில் இருக்கிறது, துப்பாக்கிகள் ஸ்பெயினின் ஆர்டெசா தொழிற்சாலையிலிருந்து வருகின்றன. சிவிஏ என்பதன் விரிவே 'கனெக்டிகட் வேலி ஆர்ம்ஸ்'தான், ஆனால் இன்று அது ஸ்பெயினின் டிகார் குழுமத்தின் கையில். லைமன் பெயரில் வந்த கிரேட் பிளெயின்ஸ் ரைஃபிள் இத்தாலியின் இன்வெஸ்டார்ம் செய்தது. பெடர்சோலி மட்டும் ஒளிவு மறைவில்லாத இத்தாலிச் சரக்கு: 1957-ல் தொடங்கிய கம்பெனி, பிரெஷா பக்கம் வால் டிரோம்பியா பள்ளத்தாக்கில் உள்ள கார்டோனே என்ற ஊரில். அந்தப் பள்ளத்தாக்கில் பல நூறு வருஷமாகத் துப்பாக்கிதான் தொழில், நம்ம சிவகாசிக்குப் பட்டாசு மாதிரி.

அமெரிக்கப் பக்கம் பெரிய பெயர் தாம்ப்சன் சென்டர். 1970-ல் நியூ ஹாம்ப்ஷயரிலிருந்து 'ஹாக்கன்' மாடலைக் கொண்டுவந்து, இந்தப் பொழுதுபோக்கையே மறுபடி கிளப்பிவிட்டார்கள். (செயின்ட் லூயிஸின் ஹாக்கன் சகோதரர்கள் செய்த அசல் துப்பாக்கிக்கும் இதற்கும் பெயரைத் தவிர ஒற்றுமை கொஞ்சம்தான், ஆனாலும் நல்ல துப்பாக்கி.) இன்றைக்கு அதைப் பழையதாகத்தான் தேட வேண்டும். 1985-ல் டோனி நைட் கொண்டுவந்த எம்கே-85 இன்லைன் வகையைப் பரப்பிய அமெரிக்கத் துப்பாக்கி. பழைய பாணியில் வேண்டும் என்றால் இன்று அமெரிக்கத் தயாரிப்பு என்பது பெரும்பாலும் 'கிட்'தான்: ஒஹையோவின் கிப்ளர், வட கரோலினாவின் சேம்பர்ஸ். துண்டு துண்டாக வரும், நீங்கள்தான் பூட்டி, மெருகேற்றி முடிக்க வேண்டும். கைவினைஞரிடம் முழுதாகச் செய்து வாங்கப் போனால் பல ஆயிரம் டாலர், காத்திருப்பும் வருஷக் கணக்கில் போகலாம்.

படி 3: லாக்கைப் பாருங்கள், இங்கேதான் பணம்

லாக் என்பது விசையை இழுத்ததும் மருந்தைப் பற்றவைக்கும் இயந்திர அமைப்பு. என் கருத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். கேப் (தட்டினால் வெடிக்கும் சின்ன மூடி) வைத்துச் சுடும் பெர்கஷன் வகை என்றால் இறக்குமதியே போதும், கூடுதல் காசை மருந்துக்கும் குண்டுக்கும் செலவழியுங்கள். ஃபிளின்ட்லாக் என்றால் அமெரிக்க லாக்குக்குக் காசு கொடுங்கள்.

காரணம் எளிது. பெர்கஷனில் குதிரை (சுத்தியல் மாதிரி விழும் பாகம்) விழுந்து கேப்பைத் தட்டினால் போதும், குழந்தைகள் பொட்டு வெடியைத் தட்டுகிற மாதிரிதான், லாக் சுமாராக இருந்தாலும் வெடித்துவிடும். ஃபிளின்ட்லாக்கில் அந்தச் சின்ன நொடிக்குள் நடப்பவை அதிகம்: கல், ஃபிரிசன் என்ற எஃகுத் தட்டைச் சரியான கோணத்தில் சுரண்ட வேண்டும், தட்டு விலகித் திறக்க வேண்டும், பொறி கிண்ணத்திலுள்ள மருந்தில் விழ வேண்டும், அங்கிருந்து தீ சின்னத் துளை வழியாக உள்ளே போக வேண்டும். தட்டு மிருதுவான எஃகாக இருந்தால் கல் அதை உழும், பொறி வராது. ரொம்பக் கடினமாக இருந்தாலும் கல் வழுக்கிப் போகும், அப்போதும் பொறி வராது. ஸ்பிரிங்கின் பலம், குதிரையின் கோணம், எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். விலையைக் குறைக்க நினைக்கும் தொழிற்சாலை முதலில் கை வைப்பது இங்கேதான்.

என் முதல் ஃபிளின்ட்லாக் ஒரு மலிவான இறக்குமதி, பெயர் வேண்டாம். பத்து தடவை இழுத்தால் நாலு தடவை சுட்டது. மீதி ஆறு தடவை 'கிளிக்', இல்லாவிட்டால் கிண்ணத்தில் மட்டும் 'புஸ்'. கல்லை மாற்றினேன், கல்லைப் பிடித்திருக்கும் தோலைப் புதிதாக வைத்தேன், மருந்தை மாற்றினேன், கடைசியில் பக்கத்து வீட்டுப் பெரியவர் அதைக் கையில் வாங்கி, இருட்டான கராஜில் வெறுமனே இழுத்துக் காட்டினார். மங்கலாக ரெண்டு சிவப்புப் பொறி. அப்புறம் தன்னுடையதை இழுத்தார், வெள்ளையாகக் கொத்துக் கொத்தாகக் கிண்ணத்துக்குள் கொட்டியது. அதுதான் சோதனை. கடையில் அனுமதி கேட்டு, துப்பாக்கி காலி என்று உறுதி செய்துகொண்டு, வெளிச்சம் குறைவான மூலையில் செய்து பாருங்கள். சிவப்பு வேண்டாம், வெள்ளை வேண்டும்.

ஏற்கெனவே வாங்கி மாட்டிக்கொண்டவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது: தென் கரோலினாவின் எல் அண்ட் ஆர், சில இறக்குமதி மாடல்களுக்குப் பொருந்தும் மாற்று லாக்குகளைச் செய்கிறது. கட்டையைக் கொஞ்சம் செதுக்க வேண்டி வரலாம்.

படி 4: குழல்

குழல் விஷயத்தில் ஐரோப்பியச் சரக்கை மட்டமாக நினைக்காதீர்கள். இத்தாலியிலும் ஸ்பெயினிலும் ஒவ்வொரு குழலையும் கூடுதல் அழுத்தத்தில் சுட்டுச் சோதித்து முத்திரை குத்த வேண்டும் என்பது சட்டம், இத்தாலிக்கு கார்டோனேவிலும் ஸ்பெயினுக்கு ஐபாரிலும் சோதனைக்கூடம் உண்டு. இத்தாலிக் குழலில் 'பிஎன்' என்று இருந்தால் கருமருந்துச் சோதனை, சின்னச் சதுரத்துக்குள் இருக்கும் எழுத்துகள் தயாரான வருஷத்தைச் சொல்லும். அமெரிக்காவில் அப்படிக் கட்டாயச் சோதனை கிடையாது, செய்தவரின் பெயரைத்தான் நம்ப வேண்டும்.

முறுக்கைக் கேளுங்கள். உள்ளே ஓடும் புரி எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்றுச் சுற்றுகிறது என்பதே கணக்கு. துணி சுற்றிய உருண்டைக் குண்டு என்றால் 60, 66 என்று மெதுவான முறுக்கு. நீளக் குண்டு, பிளாஸ்டிக் உறை போட்ட குண்டு என்றால் 28 பக்கம். 48 என்பது இரண்டுக்கும் நடுவில், இரண்டையும் ஓரளவுக்குச் சுடும். எங்கே தயாரானது என்பதைவிட இலக்கில் இதுதான் அதிகம் தெரியும்.

இந்தியாவில் செய்து இங்கே விற்கப்படும் பிரௌன் பெஸ் (பழைய பிரிட்டிஷ் படைத் துப்பாக்கி) மாதிரியான மஸ்கெட்டுகளைப் பற்றி நம்மவர்கள் ஆசையாகக் கேட்கிறார்கள். பார்க்க அழகு, விலையும் குறைவு. ஆனால் அவற்றில் பல தீத்துளை போடாமலே வருகின்றன, ஐரோப்பியச் சோதனை முத்திரையும் இருக்காது. சுவரில் மாட்டலாம். துளை போட்டுக் குண்டு வைத்துச் சுட நான் தயாரில்லை.

படி 5: மரை

சின்ன விஷயம்தான், ஆனால் பணத்தைத் தின்னும். தாம்ப்சன் சென்டர் நிப்பிளின் (கேப் மாட்டும் சின்ன முளை) மரை கால் அங்குலம், அங்குலத்துக்கு 28 சுற்று. ஸ்பெயின் துப்பாக்கிகளில் வழக்கமாக வருவது 6 மில்லிமீட்டர். இரண்டையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் ஒன்று போலவே இருக்கும். தவறானதைச் சாவி போட்டு வலுக்கட்டாயமாகத் திருகினால் மரை போச்சு, துப்பாக்கி சரியான பழுதுக்காரரிடம் போக வேண்டும். கையால் இரண்டு சுற்று லேசாக இறங்கவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். கோலின் நுனி மரையும் இப்படித்தான் மாறும். இறக்குமதிகளோடு வரும் மரக்கோல் நார் குறுக்காக ஓடியிருந்தால் ஒருநாள் உள்ளங்கையில் குத்தி முறியும், நேர் நாருள்ள ஹிக்கரி மரக் கோல் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 6: பழையது வாங்கினால்

முதலில், உள்ளே மருந்து இருக்கிறதா என்று பாருங்கள். தாத்தா 30 வருஷம் முன்னால் கெட்டித்து மறந்துபோன துப்பாக்கிகள் இன்னும் கடைக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன. கேப் எடுத்திருக்கிறதா, கிண்ணம் காலியா என்று பார்த்துவிட்டு, வாயை யார் பக்கமும் காட்டாமல் கோலை உள்ளே விடுங்கள். வாய் மட்டத்தில் விரலால் பிடித்து, வெளியே எடுத்துக் குழலின் பக்கவாட்டில் வைத்தால் நுனி தீத்துளைக்கு அருகே வர வேண்டும். இரண்டு விரல்கடை முன்னாலேயே நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று வைத்துக்கொண்டு, கடைக்காரரிடமே கொடுத்து எடுக்கச் சொல்லுங்கள்.

சிவிஏ இன்லைன் பழையது என்றால் சீரியல் எண்ணைப் பாருங்கள். கடைசி இரண்டு இலக்கம் 95 அல்லது 96 என்றால் அது 1997-ல் திரும்பப் பெறச் சொன்ன வகை, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

படி 7: மருந்து

வாங்குவதற்கு முன்பே விசாரியுங்கள், ஏனென்றால் அசல் கருமருந்து எல்லாக் கடையிலும் கிடைக்காது. பைரோடெக்ஸ் போன்ற மாற்றுகள் பற்றிக்கொள்ளக் கூடுதல் சூடு கேட்பவை, கேப்புக்குச் சரி, ஃபிளின்ட்லாக்குக்குச் சரிப்படாது. ஃபிளின்ட்லாக் வாங்கினால் அசல் மருந்துக்கு வழி செய்துகொண்டுதான் வாங்க வேண்டும். தோட்டாவில் போடும் புகையில்லா மருந்தை, குழலிலேயே அப்படி எழுதியிருக்கும் ஒருசில மாடல்களைத் தவிர, ஒரு சிட்டிகைகூடப் போடாதீர்கள். குழல் வெடித்துக் கை போகும்.

துப்பாக்கி வீட்டுக்கு வந்ததும் குழலின் கிரீஸைத் துடைத்து எடுங்கள். காலியாக இருக்கும்போது கோலை அடிவரை விட்டு, வாய் மட்டத்தில் பேனாவால் ஒரு கோடு. பயிற்சித் தளத்தில் கையேட்டிலுள்ள குறைந்த அளவு மருந்தோடு குண்டைக் கெட்டித்ததும் இன்னொரு கோடு. அடுத்த தடவை குண்டு அந்த இரண்டாவது கோட்டுக்கு இறங்கவில்லை என்றால், நடுவில் இடைவெளி நிற்கிறது. அது சரியாக உட்காரும்வரை சுடாதீர்கள்.