படத்தைச் சுருக்குவது எப்படி: ஸிப்பா, ஜேபெக்கா?

கோப்பு 2 எம்பிக்குள் இருக்க வேண்டும் என்று விண்ணப்பப் படிவம் அடம்பிடித்ததால் அக்கா மகளின் சான்றிதழ் படத்தைச் சுருக்க வேண்டி வந்தது, அந்த வேலையை முடித்த கையோடு இதை எழுதுகிறேன். படத்தைத் திறப்பது, வேறு பெயரில் சேமிப்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

சுருக்குவதில் இரண்டு வகை உண்டு, அதை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். ஊருக்குப் போகும்போது போர்வையை வேக்குவம் பையில் போட்டுக் காற்றை உறிஞ்சினால் வெளிக்காற்றின் அழுத்தமே அதை அமுக்கிவிடும். பெட்டியில் இடம் மிச்சம், ஆனால் சாங்கி விமான நிலையத் தராசில் வைத்தால் கிட்டத்தட்ட அதே எடைதான், ஊரில் பையைத் திறந்தால் போர்வை பழையபடி உப்பிவிடும். கோப்புகளைச் சுருக்கிக் கட்டும் ஸிப்பும் (ZIP) அப்படித்தான், விரித்தால் ஒரு பிட் குறையாமல் திரும்பக் கிடைக்கும். படங்களைச் சேமிக்கும் ஜேபெக் (JPEG) வடிவம் வேறு. படத்தை 8×8 புள்ளிக் (பிக்சல்) கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு எளிதில் தெரியாத நுணுக்கங்களைத் தூக்கிப் போட்டுவிடும். போனது போனதுதான்.

சரி, வேலைக்கு வருவோம். மூலப் படத்தை நகலெடுத்து, நகலில் மட்டும் கை வையுங்கள். அதை ஸ்குவூஷ் (Squoosh) என்ற படம் சுருக்கும் இணையதளத்தில் போடுங்கள். எனக்கு இதுதான் பிடிக்கும், ஏனென்றால் படம் உங்கள் கணினியிலேயே சுருங்குகிறது, வேறெங்கும் ஏறுவதில்லை. ஐசி (அடையாள அட்டை), பாஸ்போர்ட் படங்களை முன்பின் தெரியாத இலவசத் தளங்களில் தயவுசெய்து ஏற்றாதீர்கள்.

பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் இனிமேல்தான். எடுத்த எடுப்பில் தரத்தை (Quality என்ற எண்ணை) 20, 10 என்று இறக்கினால் முத்திரையைச் சுற்றியுள்ள பொடி எழுத்துகளின் ஓரத்தில் சாம்பல் நிற அழுக்கு படிந்தது போலாகிவிடும், 8 எது 3 எது என்று தெரியாது. அதற்கு முன்னால் அகலத்தைக் குறையுங்கள். 4000×3000 படத்தில் 1.2 கோடி புள்ளிகள். அகலத்தை 2000 ஆக்கினால் உயரமும் 1500 ஆகி 30 லட்சம்தான், கால் பங்கு. அப்புறம் தரத்தை 75-இல் வைத்து, திரையில் 100 விழுக்காட்டு அளவில் முத்திரை எழுத்தைப் படித்துப் பாருங்கள். படிக்க முடிந்தால் சேமியுங்கள். அளவு இன்னும் அதிகமாக இருந்தால் மூலப் படத்திலிருந்தே மறுபடி தொடங்குங்கள், சுருக்கியதையே திரும்பச் சுருக்கினால் எழுத்து இன்னும் தேயும்.

பின்சேர்க்கை: ஜேபெக் படத்தை ஸிப் செய்தும் அளவு குறையவில்லையே என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். பெரிதாகக் குறையாது. திரும்பத் திரும்ப வருவதை ஜேபெக்கே பிழிந்து முடித்துவிட்டது, ஸிப்புக்கு மிச்சமில்லை. பல படங்களை ஒன்றாகக் கட்டி அனுப்ப மட்டும் ஸிப்பை வைத்துக்கொள்ளுங்கள். இப்போதைய வேர்ட், எக்செல் கோப்புகளும் இதே கதைதான், அவை உள்ளுக்குள் ஏற்கனவே ஸிப்.