கோட் ரன்னரா, பைத்தான் எக்ஸ்டென்ஷனா?

நிரல் எழுதப் பயன்படும் விஎஸ் கோட் செயலியில் நிரலை உடனே ஓட்டிப் பார்க்க பலரும் முதலில் நிறுவுவது கோட் ரன்னர் என்ற எக்ஸ்டென்ஷன் (கூடுதல் வசதி). கன்ட்ரோல், ஆல்ட், என் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் போதும். பைத்தான், சி, ஜாவாஸ்கிரிப்ட் எதுவானாலும் ஓடும். அந்தந்த மொழியை ஓட்டும் கம்பைலர், இன்டர்பிரிட்டர் எல்லாம் கணினியில் ஏற்கெனவே இருக்க வேண்டும், அது தனிக்கதை.

சிக்கல் எங்கே வரும் என்றால், பயனரிடம் பெயர் கேட்கிற மாதிரி நாலு வரி பைத்தான் எழுதி ஓட்டும்போது. விடை வரும் அவுட்புட் பகுதி படிக்க மட்டுமே; அதில் தட்டச்சு செய்ய முடியாது. நிரலோ உங்கள் பதிலுக்காகக் காத்துக்கொண்டே இருக்கும். நிரலில்தான் தப்பு என்று நான் வெகுநேரம் மண்டையை உடைத்துக்கொண்டேன்! செட்டிங்ஸில் கோட் ரன்னரைத் தேடி, 'ரன் இன் டெர்மினல்' என்பதை டிக் செய்தால், நிரல் தட்டச்சு செய்யக்கூடிய டெர்மினல் பகுதியில் ஓடும், சரியாகிவிடும். அப்படியே 'சேவ் ஃபைல் பிஃபோர் ரன்' என்பதையும் டிக் செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் சேமிக்காத மாற்றம் ஓடாது, பழைய விடையே வந்து நிற்கும்.

பைத்தான் எக்ஸ்டென்ஷனில் இந்தத் தொல்லை இல்லை, அது நேராக டெர்மினலில்தான் ஓட்டும். நீங்கள் தேர்ந்தெடுத்த விர்ச்சுவல் என்விரான்மென்ட்டையும் (ஒரு வேலைக்கென்று தனியாக வைக்கும் பைத்தான் சூழல்) பயன்படுத்தும். கோட் ரன்னர் இயல்பாகக் கணினியின் பொதுவான பைத்தானை அழைப்பதால், நம்பை (NumPy) என்ற கணக்கீட்டு மாட்யூலை அந்தச் சூழலில் நிறுவியிருந்தும் 'மாட்யூல் இல்லை' என்று பிழை வரலாம். அப்புறம், பைத்தான் எக்ஸ்டென்ஷனில் நிரல் நிற்க வேண்டிய வரியில் பிரேக்பாயின்ட் வைத்து எஃப்5 அழுத்தி, மாறிகளின் மதிப்பை வரிவரியாகப் பார்க்கலாம். கோட் ரன்னரில் இப்படிப் பிழை தேடும் டீபக் வசதி கிடையாது.

சின்னப் பயிற்சிகளுக்கு மட்டும் நான் கோட் ரன்னரை வைத்திருக்கிறேன்.