அக்குளில் உதிர்ந்த இரும்புச் சட்டை

1066-இல் இங்கிலாந்தில் நடந்த ஹேஸ்டிங்ஸ் போரை நடித்துக் காட்டும் நிகழ்ச்சிக்காக மலிவு விலையில், இரும்பு வளையங்களைக் கோத்துப் பின்னிய ஒரு கவசச் சட்டை வாங்கினேன். எடை 12 கிலோ. முதல் பயிற்சியிலேயே, வாளை ஓங்கும்போதெல்லாம் வலது அக்குளிலிருந்து வளையங்கள் பொலபொலவென்று புல்லில் உதிர்ந்தன. குறடால் நெருக்கி மாட்டினேன். அடுத்த வாரமும் அதே கதை.

அப்புறம்தான் உற்றுப் பார்த்தேன். ஒவ்வொரு வளையத்தின் இரு முனைகளும் சும்மா தொட்டுக்கொண்டிருந்தன, அவ்வளவுதான். அந்தக் காலத்து ஐரோப்பியக் கொல்லர்கள் முனைகளைத் தட்டையாக்கி, ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி, குட்டி ரிவெட் (இரண்டையும் பிணைக்கும் ஆணி) அடித்தார்கள். போதாததற்கு, என் சட்டையில் அக்குள் பக்கம் துளியும் தளர்வில்லை.

கிழிந்த இடத்தைக் கழற்றிவிட்டு, ஜிப்பாவுக்கு அக்குளில் ஒட்டுத்துணி வைப்பதுபோல ஒரு சாய்சதுரத் துண்டைப் பின்னிச் சேர்த்தேன். எல்லாம் ரிவெட் வளையம். ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் பக்கத்து வளையங்கள் நான்கு கோத்தேன். செலவு: இரண்டு ஞாயிறு, ஒரு வீங்கிய கட்டைவிரல். பிறகு இடுப்பில் பெல்ட்டை இறுக்கி, சட்டையைக் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டேன். தோள்பாரம் நன்றாகவே குறைந்தது.

இடது அக்குள் இன்னும் பழைய வளையத்தில்தான் ஓடுகிறது. கேடயம் பிடிக்கிற கைதானே, அவ்வளவாகத் தூக்குவதில்லை.