மூன்று மூங்கில் குச்சியில் ஒரு சீனப் பட்டுப் பட்டம்

சீனாவின் ஷான்டோங் மாகாணத்தில் இருக்கும் வெய்ஃபாங் நகரம் பட்டத்துக்குப் பேர்போனது. 1984 முதல் அங்கே சர்வதேசப் பட்டத் திருவிழா நடக்கிறது. சீனப் பட்டக் கலையை நான்கு வேலைகளாகச் சொல்வார்கள்: கட்டுவது, ஒட்டுவது, வரைவது, பறக்கவிடுவது. பறக்கவிடுவதும் செய்முறையில் சேர்த்திதான். மேலே ஏற்றிப் பார்த்துத் திருத்தும் வரை பட்டம் முடிந்ததாகக் கணக்கில்லை.

பெய்ஜிங்கின் தகைவிலான் (ஒரு சிறு பறவை) வடிவப் பட்டத்துக்கு மூங்கிலைத் தீயில் வாட்டி வளைக்க வேண்டும். முதல் தடவைக்கு அங்குள்ள பிள்ளைகள் செய்து பழகும் மூன்று குச்சிப் பட்டம் போதும். அவர்கள் காகிதத்தில் செய்வார்கள், நாம் பட்டில் செய்வோம்.

மூங்கில்

நேரம் முழுக்க இங்கேதான் போகும், போகட்டும். காய்ந்த மூங்கிலைப் பிளந்து, 4 மி.மீ. அகலம், 2 மி.மீ. தடிமனில் 64 செ.மீ. குச்சி இரண்டு, 40 செ.மீ. குச்சி ஒன்று சீவிக்கொள்ளுங்கள். வழவழப்பான மேல்தோலில் கத்தி படவே கூடாது. பலம் முழுவதும் அதில்தான். உள்பக்கத்தை மட்டும் சீவுங்கள்.

குட்டைக் குச்சியின் நடுப்புள்ளியைக் கத்தி முனையில் வைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் தாழ்கிறதோ அந்தப் பக்கத்தைச் சுரண்டுங்கள். பிறகு இரு முனைகளையும் பிடித்து வளைத்தால் வளைவு இருபுறமும் ஒரே மாதிரி வர வேண்டும். இது சரியாக அமைந்தால் பாதிப் பட்டம் ஆயிற்று.

நெட்டைக் குச்சிகளைப் பெருக்கல் குறிபோல வைத்து நடுவில் நூலால் கட்டுங்கள். மேல் முனைகள் இரண்டையும் குட்டைக் குச்சியின் இரு முனைகளோடு கட்டுங்கள். பக்கங்களிலும் அடியிலும் நூலை இழுத்துக் கட்டினால் 40-க்கு 50 செ.மீ. சட்டம் கிடைக்கும்.

பட்டு

காஞ்சிபுரம் புடவைப் பட்டு கனம், ஆகாது. கீழே செய்தித்தாளை வைத்தால் எழுத்து தெரிகிற அளவுக்கு மெல்லிய வெள்ளைப் பட்டு வேண்டும். நூலோட்டத்தோடு நேராக வெட்டுங்கள். கோணலாக வெட்டினால் துணி ஒரு பக்கம் இழுபட்டுப் பட்டம் சாயும். சுற்றிலும் 1.5 செ.மீ. மடிப்புக்கு விடுங்கள்.

வரைவதை ஒட்டுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். ஈரப் பட்டு காயும்போது இறுகிச் சட்டத்தைக் கோணலாக்கிவிடும். நீர்த்த ஜெலட்டினில் சிட்டிகை படிகாரம் கரைத்துத் துணியில் பூசிக் காயவிட்டால் மை இழையோடு பரவாது. வௌவால் வரையுங்கள், சீனர்களுக்கு அது நற்பேற்றின் அடையாளம்.

அப்புறம், மூங்கிலின் தோல் பக்கம் துணியைத் தொடும்படி வைத்து, ஓரத்தை நூலின் மேல் மடித்து வெள்ளைப் பசையால் ஒட்டுங்கள். காய்ந்ததும் குட்டைக் குச்சியின் இரு முனைகளையும் பின்பக்கம், அதாவது மூங்கில் தெரியும் பக்கம், ஒரு நூலால் இணைத்து, நடுவில் 4 செ.மீ. இடைவெளி வரும்வரை வில்லாக இழுத்துக் கட்டுங்கள்.

முச்சையும் வாலும்

முன்பக்கம், மேல் மூலைகளிலிருந்து 40 செ.மீ. கயிறு இரண்டும், நடு முடிச்சிலிருந்து ஒன்றும் எடுத்து மூன்றையும் சேர்த்து முடியுங்கள். இந்தக் கயிறுகள்தான் முச்சை; பறக்கவிடும் நூலை இந்த முடிச்சில்தான் கட்ட வேண்டும். அந்த முடிச்சைப் பிடித்துத் தூக்கினால், தலை உயர்ந்து அடிப்பகுதி 20 முதல் 30 டிகிரி சரிந்து நிற்க வேண்டும். நடுக் கயிற்றை நீட்டியும் குறுக்கியும் இதைக் கொண்டுவரலாம். பிறகு கீழ் மூலைகளில் ஆளுக்கொன்றாக 2 மீட்டர் பட்டு வால் கட்டுங்கள்.

ஏற்றுவது

இலைகள் விடாமல் அசையும் காற்று போதும். சாதாரணப் பருத்தி நூலே எடுங்கள். கண்ணாடித்தூள் மாஞ்சா வேண்டவே வேண்டாம், ஆள் கழுத்தை அறுக்கும்.

பலமாக இழுத்தும் மேலே ஏறாவிட்டால் நடுக் கயிற்றை 1 செ.மீ. நீட்டுங்கள். இழுப்பே இல்லாமல் படபடத்தால் 1 செ.மீ. குறுக்குங்கள். சுழன்றால் வாலை நீளமாக்குங்கள். எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்தால் முதலில் மேல் கயிறுகள் இரண்டையும் அளந்து பாருங்கள். அவை சமமாக இருந்தால் குறை குட்டைக் குச்சியில்தான். வில்லை அவிழ்த்து, குறைவாக வளையும் பாதியை உள்பக்கம் இன்னும் கொஞ்சம் சீவிவிட்டுக் கட்டுங்கள்.