டூ ஸ்ட்ரோக் டர்ட் பைக்: கிராங்க் கேஸைப் பிரித்துக் கட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிஸ்டன், ரிங் மாற்றுவது பலருக்குக் கைவந்த வேலை. அதே நம்பிக்கையோடு கிராங்க் கேஸில் (பிஸ்டனுக்குக் கீழே கிராங்க் ஷாஃப்ட் சுற்றும் உறை) கை வைக்கும்போதுதான் சிக்கல் வருகிறது. ஃபோர் ஸ்ட்ரோக்கில் கிராங்க் கேஸுக்குள் சுற்றுவது ஆயில். டூ ஸ்ட்ரோக்கிலோ பெட்ரோலும் காற்றும் கலந்து முதலில் நுழைவதே அங்கேதான். பிஸ்டன் ஏறும்போது கலவையை உறிஞ்சி, இறங்கும்போது அழுத்தி மேலே அனுப்புவது அந்த அறைதான். அது காற்றுப் புகாமல் இருந்தால்தான் இன்ஜின் உயிரோடு இருக்கும்.

அதனால்தான், ஷாஃப்ட் வெளியே வரும் இரு பக்கத்தையும் அடைக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீலைப் பற்றி முதலில் சொல்கிறேன். "பேரிங்தானே போயிருக்கு, சீல் நல்லாத்தானே இருக்கு" என்று பழையதையே மாட்டிவிடுவார்கள். நானும் ஒருமுறை அப்படிச் செய்து, புதிதாகப் போட்ட பிஸ்டனைச் சில நாட்களிலேயே சீஸ் ஆக்கியிருக்கிறேன் (சிலிண்டரில் இறுகி நின்றுவிட்டது). மேக்னட் (மின்சாரம் தயாரிக்கும் சக்கரம்) பக்கத்து சீல் கசிந்தால் வெளிக்காற்று உள்ளே போகும்; கலவையில் பெட்ரோலின் பங்கு குறையும்; சூடு ஏறி பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கிளட்ச் பக்கத்து சீல் கசிந்தால் கியர் ஆயிலை உறிஞ்சி எரிக்கும். புகை அடங்காது, ஆயில் அளவும் குறைந்துகொண்டே வரும். கேஸைப் பிரித்தாலே இரண்டு சீலும் புதிதுதான். மாட்டும்போது சீலின் உதட்டில் கிரீஸ் தடவுங்கள். ஷாஃப்ட்டின் பல்லிலும் சாவிக்காடியிலும் மெல்லிய டேப் சுற்றிக்கொண்டால் உதடு கிழியாது.

அடுத்தது சுத்தியல். டர்ட் பைக் கிராங்கில் இரண்டு சக்கரங்களையும் கிராங்க் பின்னோடு சேர்த்துப் பிடித்திருப்பது பிரஸ்ஸில் ஏற்றிய இறுக்கம் மட்டுமே. ஷாஃப்ட் முனையில் ஓங்கி அடித்தால் சக்கரங்களின் நேர் கெட்டுவிடும். கண்ணுக்குத் தெரியாது, டயல் கேஜ்தான் காட்டும். கையேடுகள் அனுமதிக்கும் ரன்அவுட் (ஷாஃப்ட் சுற்றும்போது நேரிலிருந்து விலகும் அளவு) பெரும்பாலும் 0.05 மி.மீ.க்குப் பக்கத்தில்தான் இருக்கும், அதாவது ஒரு காகிதத்தின் பாதித் தடிமன். இதைத் தாண்டினால் அதிர்வு வரும், புது பேரிங்கும் சீக்கிரம் போய்விடும். கேஸைப் பிரிக்க ஸ்பிளிட்டர், கிராங்கை உள்ளே இழுக்க அதற்கான புல்லர் என்று கருவிகள் இருக்கின்றன. கடன் வாங்கியாவது அவற்றையே பயன்படுத்துங்கள். கேஸ் பிரிய மறுக்கிறதா? எங்கோ ஒரு போல்ட் மிச்சமிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இடுக்கில் ஸ்குரூ டிரைவரை விட்டு நெம்பினால், கேஸ்கெட் உட்காரும் முகத்தில் விழும் கீறலே பிறகு காற்றுக்கு வழியாகிவிடும்.

பேரிங் உட்காருவது சூட்டில். கேஸை ஓவனில் 100 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சீராகச் சூடாக்கி, பேரிங்கை முந்தின இரவே ஃப்ரீசரில் வைத்திருந்தால், டொக்கென்று தானே விழும். தள்ள வேண்டி வந்தால் வெளி வளையத்தில் மட்டும் தள்ளுங்கள். உள் வளையத்தில் கொடுக்கும் அழுத்தம் குண்டுகள் வழியாகப் போய் ஓடுபாதையில் பள்ளம் போட்டுவிடும்.

கனெக்டிங் ராடைப் பார்ப்பதிலும் ஒரு குழப்பம் உண்டு. பக்கவாட்டில் சிறிது ஆடுவது இயல்புதான். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்துக் கையேட்டோடு ஒப்பிட்டால் போதும். மேலும் கீழும் ஆட்டம் துளியும் இருக்கக் கூடாது. ஆயில் படலம் இந்த ஆட்டத்தை மறைத்துவிடும் என்பதால் கழுவி உலர்த்திய பிறகே பாருங்கள். உலர்த்தும்போது ஏர் அடித்து பேரிங்கைச் சுழல விடாதீர்கள். பிக் எண்ட் (கனெக்டிங் ராடின் அடிமுனை பேரிங்) உடைந்த இன்ஜின் என்றால் இரும்புத்தூள், கலவை மேலே போகும் வழியான டிரான்ஸ்ஃபர் போர்ட் வரை போயிருக்கும்; எல்லாவற்றையும் கழுவ வேண்டும்.

கியர் வாஷர்களைக் கழற்றிய வரிசையிலேயே கம்பியில் கோத்து வையுங்கள்.

மூடும்போது கேஸ் பாதியில் நின்றால், போல்ட்டை முறுக்கி இழுக்காதீர்கள். கியரை நகர்த்தும் ஷிஃப்ட் ஃபோர்க் இடம் மாறியிருக்கலாம், இரு பாதிகளையும் நேராக நிறுத்தும் டவல் பின் கோணலாக இருக்கலாம். திறந்து பாருங்கள். மூடியபின் கிராங்க் கைக்கு இலகுவாகச் சுற்ற வேண்டும், எல்லா கியரும் விழ வேண்டும். சிலிண்டர் உட்காரும் முகத்தில், கேஸின் இரு பாதிகளுக்கு நடுவே உள்ள கேஸ்கெட் துருத்திக்கொண்டு நிற்கும். அதைக் கையால் பிய்க்காமல், கிராங்க் வாயில் துணி அடைத்துவிட்டு, புது பிளேடால் முகத்தோடு முகமாக வெட்டுங்கள். சிலிண்டரை வைக்கும் முன் பிக் எண்டிலும் மெயின் பேரிங்கிலும் டூ ஸ்ட்ரோக் ஆயில் விடுங்கள்.

ஸ்டார்ட் செய்யும் முன் பிரஷர் டெஸ்ட்டைத் தாண்டிப் போகாதீர்கள். இன்டேக்கையும் எக்ஸாஸ்ட்டையும் ரப்பரால் அடைத்து 6 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் மட்டும் ஏற்றுங்கள், கேஜின் முள் சில நிமிடங்கள் அசையாமல் நிற்க வேண்டும். இறங்கினால் கேஸ் இணைப்பு, சிலிண்டர் அடி, மேக்னட் பக்கத்து சீல் என்று சோப்புத் தண்ணீர் தடவிக்கொண்டே வாருங்கள். கிளட்ச் பக்கத்து சீல் உள்ளே மறைந்திருப்பதால் அங்கே தடவ முடியாது. கியர்பாக்ஸின் பிரீதர் (காற்று வெளியேறும்) குழாயின் நுனியை ஒரு கிண்ணம் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். குமிழி வந்தால் கசிவது அந்த சீல்தான்.