நாகர்கோவில் டு டொராண்டோ: பயண நேரக் கணக்கு தப்பும் இடங்கள்

"13,750 கிலோமீட்டர், விமானம் மணிக்கு 900 போகும், அப்போ பதினஞ்சு மணி நேரம்." பிள்ளையைக் கனடாவுக்குப் படிக்க அனுப்பும் வீடுகளில் முதலில் ஓடும் கணக்கு இதுதான். திருவனந்தபுரத்துக்கும் டொராண்டோவுக்கும் நேர்தூரம் ஏறக்குறைய அவ்வளவே. ஆனால் நேரடி விமானம் கிடையாது.

துபாயில் மாறி ஏறினால் ரொம்பச் சுற்று என்று நினைப்பதும் தவறு. துபாய் வரை சுமார் 2,950, அங்கிருந்து டொராண்டோ சுமார் 11,080. முந்நூறு கிலோமீட்டர்கூட அதிகமில்லை. உருண்டையான பூமியில் குறுக்குவழி வடக்கே ஏறி வளைந்து போகும்; சுவரில் மாட்டிய வரைபடத்தில் ஸ்கேல் வைத்துப் பார்த்தால் அது பிடிபடாது. நேரத்தைத் தின்பது துபாயில் காத்திருப்பு.

பெரிய குழப்பம் டிக்கெட்டில்தான். புறப்பாடு, வருகை இரண்டும் அந்தந்த ஊர் மணி. ஜூலையில் சனி காலை 4:30-க்குத் திருவனந்தபுரத்தில் ஏறி, துபாயில் மாறி, டொராண்டோவில் அன்று மாலை 4:30-க்கு இறங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். பார்த்தால் 12 மணி நேரம். அங்கே நம்மைவிட ஒன்பதரை மணி நேரம் பின்னால். இறங்கும்போது நாகர்கோவிலில் ஞாயிறு அதிகாலை 2 மணி. உண்மையில் ஆனது இருபத்தொன்றரை மணி நேரம். மொத்தப் பயண நேரம் என்று டிக்கெட்டிலேயே தனியாகப் போட்டிருப்பார்கள், அதை யார் படிக்கிறார்கள்! நவம்பர் முதல் ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். மார்ச் வரை வித்தியாசம் பத்தரை.

போன நேரமே திரும்பவும் ஆகும் என்று நினைக்காதீர்கள். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே காற்று வேகமாக வீசுகிறது. துபாயிலிருந்து டொராண்டோ போக 14 மணி நேரத்தை ஒட்டி ஆகும், திரும்ப ஒரு மணி நேரத்துக்கு மேல் குறையும்.

அடுத்தது தேதி. "15-ஆம் தேதி 00:40" என்றால் 14-ஆம் தேதி ராத்திரி சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். 15 ராத்திரி பெட்டியோடு போய் நின்றால் விமானம் முந்தின ராத்திரியே போயிருக்கும். வளைகுடா போய்வரும் நம் மாவட்டத்தில்கூட இது ஓயவில்லை.

சாலைக் கணக்கும் சரியில்லை. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் விமான நிலையம் எழுபது கிலோமீட்டர் அளவுதான். அதற்காக ஒன்றேகால் மணி நேரம் போதும் என்பவர் தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை வழியே பகலில் வண்டி ஓட்டியதில்லை. இரண்டரை மணி நேரம் வையுங்கள், கல்யாண நாள் என்றால் இன்னும் கூட. உள்நாட்டு முனையம் சங்குமுகம் பக்கம், வெளிநாட்டு முனையம் சாக்கை பக்கம், நடுவே ஓடுபாதை. தவறான வாசலில் இறங்கினால் சாலையில் சுற்றித்தான் வர வேண்டும்.

பங்குனி, ஐப்பசி ஆராட்டு (சுவாமியைக் கடலில் நீராட்டும் விழா) நாட்களில் திருவனந்தபுரம் பத்மநாப சுவாமி ஊர்வலம் அந்த ஓடுபாதையைக் கடந்துதான் சங்குமுகம் கடற்கரைக்குப் போகும். அன்று மாலையில் சில மணி நேரம் விமானங்கள் ஓடாது, நேரங்களை மாற்றிவிடுவார்கள். அந்த மாதங்களில் டிக்கெட் எடுத்தவர்கள் மெசேஜைத் திறந்து பார்க்காமல் பழைய நேரத்துக்குக் கிளம்பக் கூடாது.